பாரியோ – பாகெலாலான்: வான் தூரமும் பயண நேரமும்

சரவாக்கின் வடக்கே, இந்தோனேசிய எல்லையை ஒட்டிய மலைநாட்டில் பாரியோ, பாகெலாலான் என்னும் இரு ஊர்களில் சிறு விமான நிலையங்கள் உள்ளன. முன்னது கெலாபிட் மக்களின் ஊர். பின்னது லுன் பாவாங் மக்களின் ஊர். இரண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 31 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவில் பெம்பானுக்கும் மூவாருக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவே. மூவாருக்குக் காரில் காலையில் போய் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். மலைநாட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

பாரியோவுக்கு வானூர்தி மிரியிலிருந்து வருகிறது, பாகெலாலானுக்கு லாவாசிலிருந்து. ஆகவே ஓர் ஊரிலிருந்து மற்றதற்கு வான்வழியே செல்பவர் மிரிக்கு 178, லாவாசுக்கு 168, பாகெலாலானுக்கு 100 என ஏறத்தாழ 446 கிலோமீட்டர் பறக்க நேரும். இணைப்பு தவறினால் இடையில் ஓர் இரவு தங்கவேண்டும். எல்லைக்கு அப்பால் கலிமந்தான் வழியாகச் செல்லும் பழைய நடைபாதையில் பயணம் சில நாள் எடுக்கும்.

நேரத்தைக் கணிக்க வேகம் தெரியவேண்டும். இவ்வூர்களுக்குப் பறப்பது 19 இருக்கை கொண்ட டுவின் ஓட்டர். மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் செல்லும். மிரி–பாரியோ தூரத்தை வகுத்தால் 40 நிமிடம் வரும். ஓடுபாதையில் நகர்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு 10 முதல் 15 நிமிடம் கூட்டினால் கணக்கு சரியாகும்.

கணக்கைக் குலைப்பவை மேகமும் எடையும். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பாரியோவை மலைகள் சூழ்ந்துள்ளன. மேகம் இறங்கினால் விமானம் காத்திருக்கும், அல்லது ரத்தாகும். பிற்பகலில் மேகம் திரள்வது வழக்கம்; காலைப் பயணமே நம்பத்தக்கது. ஏறுமுன் பைகளோடு பயணியையும் எடை போடுவார்கள். மூட்டை சிறிதாக இருப்பது நல்லது.

பெம்பானிலிருந்து கிளம்புபவர் முதலில் சிப்பாங் விமான நிலையத்தை அடையவேண்டும். சாலையில் ஒன்றரை மணிநேரம் ஆகும், நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். அங்கிருந்து மிரி சுமார் 1,370 கிலோமீட்டர். பறக்க இரண்டேகால் மணிநேரம். அன்றே மலையேற முயலாமல் மிரியில் தங்கி, மறுநாள் காலை விமானத்தைப் பிடிப்பதே பாதுகாப்பு. சரவாக்கில் தீபகற்பத்தாருக்கும் குடிநுழைவுச் சோதனை உண்டு; அடையாள அட்டையை மறக்கக்கூடாது. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அங்கே பொழுது ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே விடியும், முன்னதாகவே சாயும்.

திரும்பும்போதும் இதே விதிதான். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் மிரியிலிருந்து சிப்பாங் திரும்பும் நாளுக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டுவைக்கவேண்டும். இரண்டும் தனித்தனிச் சீட்டுகளாக இருந்தால், தவறிய விமானத்தின் கட்டணம் பயணியின் தலையில்தான் விழும்.