ஏற்காட்டுல எக்செல் செஷன்: 20 ஃபார்முலா வேண்டாம், ஒண்ணு போதும்

ஏற்காட்டுல நடக்கப்போற ஆடிட்டர்கள் மாநாட்டுல எனக்கு 45 நிமிஷம். தலைப்பு, எக்செல் ஃபார்முலா. முதல்ல 20 ஃபார்முலாவுக்கு லிஸ்ட் போட்டேன், அப்புறம் அடிச்சிட்டேன். நாமே ஒரு ஃபங்ஷன் உருவாக்கிக்கிற லேம்ப்டா மட்டும் போதும். காரணம், இந்த ஊர் காபி.

விதி 7பி தெரியும்தானே? சொந்தத் தோட்டத்துக் காபியை க்யூரிங் பண்ணி விற்றால் லாபத்தில் 25% வணிக வருமானம்; வறுத்து அரைத்து விற்றால் 40%. மீதி விவசாய வருமானம். இதுக்கு சாதாரண இஃப் போதும். பலர் அங்கேயே நிறுத்திடறாங்க, சிக்கலே அதுதான்.

ஒரு தனிநபருக்கு க்யூரிங் காபி லாபம் 60 லட்சம்னு வைங்க. 15 லட்சத்துக்கு மட்டும் வரி போட்டா 1,05,000 (2025-26 நிதியாண்டு, புதிய முறை, செஸ் இல்லாமல்). தப்பு! 45 லட்சம் விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான், ஆனா வரி விகிதத்துக்கு அதையும் சேர்க்கணும். 60 லட்சத்துக்கான வரி 13,80,000. விவசாய வருமானத்தோட விலக்கு வரம்பு 4 லட்சம் சேர்த்தா 49 லட்சம். அதுக்கான வரி 10,50,000. கழிச்சா 3,30,000. இரண்டே கால் லட்சம் வித்தியாசம், வட்டி தனி!

ஸ்லாப் கணக்கை லேம்ப்டாவில் ஒரு தடவை எழுதி, நேம் மேனேஜர்ல பேர் வச்சுட்டா, 60-க்கும் 49-க்கும் அதையே கூப்பிடலாம். பட்ஜெட்ல ஸ்லாப் மாறினா ஒரே இடத்துல திருத்தம்.

எக்செல் 2021-ல கூட லேம்ப்டா கிடையாது. அதனால வெர்ஷனைப் பார்த்துட்டு லேப்டாப் எடுத்துட்டு வரச் சொல்லி முன்னாடியே மெசேஜ் போடணும்.