பணியிட மாற்றமா, பதவி இறக்கமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், தன்னை வேறு துறைக்கு 'செகண்டட்' செய்திருப்பதாக எழுதியிருக்கிறாள். இரண்டாம் நிலைக்கு இறக்கிவிட்டார்களா?

பதில்: கவலையே வேண்டாம் அம்மா. இறக்கவில்லை, நம்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு துறைக்கோ நிறுவனத்துக்கோ பணியாற்ற அனுப்புவதே இந்த வினைச்சொல்லின் பொருள். பழைய இடத்தில் அவருடைய பணி உரிமை அப்படியே இருக்கும். காலம் முடிந்ததும் திரும்பிவிடலாம். டிரான்ஸ்ஃபருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். நம் அரசு அலுவலகங்களில் டெபுடேஷன், அயற்பணி என்கிறோமே, ஏறக்குறைய அதேதான்.

பிரிட்டிஷ் ராணுவத்தில், அதிகாரியை அவருடைய ரெஜிமென்ட்டிலிருந்து தற்காலிகமாக வேறு பொறுப்புக்கு அனுப்புவதைக் குறித்த சொல் இது. இரண்டாவது என்று பொருள்படும் 'செகண்ட்'டும் இதுவும் எழுத்தில் ஒன்றானாலும் உச்சரிப்பு வேறு: 'சிகாண்ட்' என்று பின்பகுதியை அழுத்த வேண்டும். முன்பகுதியை அழுத்தினால், கூட்டத்தில் தீர்மானத்தை வழிமொழிவதாகிவிடும். பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக, 'டு' சேர்த்து வரும்: 'ஷி வாஸ் சிகாண்டட் டு த ட்ரெஷரி'. அமெரிக்கர்களிடம் இந்தச் சொல் அரிது. அங்கே அரசு ஊழியர்களுக்கு 'டீட்டெய்ல்' என்பார்கள்.

எத்தனை மாதம், சம்பளம் தருவது யார் என்பதை மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.