வானிலிருந்து எடுத்த படத்தில் வயலை அளப்பது எப்படி?

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் தம்முடைய நிலத்தை வானிலிருந்து பார்க்கும் வசதி இன்று சிறு விவசாயிகளுக்கும் கிடைத்திருக்கிறது. கிணறு, பம்பு செட்டு அறை, வாய்க்கால், வரப்போரத்துத் தென்னை எல்லாம் படத்தில் தெரிகின்றன. வரப்பைச் சுற்றிக் கோடு போட்டால் இத்தனை சென்ட் என்ற கணக்கும் வந்து விடுகிறது. உழவுக் கூலி பேசவும், நாற்று, உரம் எவ்வளவு தேவை என்று பார்க்கவும், சொட்டு நீர்க் குழாய்க்கு நீளம் அறியவும் இது மிக உதவியானது. ஆனால் இதே படத்தை நம்பிப் பக்கத்து வயல்காரரிடம் எல்லைச் சண்டைக்குப் போனால் நஷ்டம் நிச்சயம். படம் எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்பதைத் தெரிந்து கொண்டு பயன்படுத்த வேண்டும்.

படம் நகர்ந்திருக்கலாம்

செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி படம் எடுக்கிறது. அதன் காமிரா எப்போதும் நேர் கீழே பார்ப்பதில்லை. பல சமயம் சாய்ந்து பார்க்கிறது. நிலமும் மேடு பள்ளமாக இருக்கிறது. இந்தச் சாய்வையும் மேடு பள்ளத்தையும் கணக்குப் போட்டுச் சரி செய்து, பல படங்களை ஒட்டுப் போட்டுத்தான் நாம் பார்க்கும் படம் தயாராகிறது. எவ்வளவு சரி செய்தாலும் சில மீட்டர் பிசகு மிஞ்சி விடுவது உண்டு. மலையோர நிலங்களில் பிசகு கூடுதலாக இருக்கும்.

இதை விவசாயிகள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் போடும் கூகுள் எர்த் புரோ என்ற மென்பொருள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மேல்வரிசையில் கடிகாரம் போன்ற ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம். தம்முடைய கிணற்றின் மேல் ஒரு குறி வைத்து விட்டு, ஆண்டுகளை மாற்றிக் கொண்டே போக வேண்டும். ஓர் ஆண்டில் குறி கிணற்றின் நடுவில் இருக்கும். மற்றோர் ஆண்டில் கிணற்றுக்கு வெளியே வரப்பின் மேல் இருக்கும். கிணறு நகரவில்லை, படம்தான் நகர்ந்திருக்கிறது.

இந்தப் பிசகு எல்லையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். எல்லையின் நீளம் 100 மீட்டர், படம் நகர்ந்திருப்பது 4 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், 400 சதுர மீட்டர் அந்தப் பக்கம் போய் விடுகிறது. ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். ஆக, ஏறக்குறைய 10 சென்ட் நிலம் படத்தில் கை மாறி விடுகிறது! ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்கு. படத்தின் மேல் சர்வே எண் கோடுகளையும் சேர்த்துக் காட்டும் வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றில் கோடு வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் கிடப்பதைப் பார்த்து, ஆக்கிரமிப்பு நடந்து விட்டதாக முடிவு கட்டக்கூடாது. கோடு தப்பி விழுந்திருக்கலாம், படம் நகர்ந்திருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம்.

செல்போனில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியும் இப்படித்தான். திறந்த வெளியில் நின்றாலே அது 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டுவது சாதாரணம். தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். போனின் பிசகும் படத்தின் பிசகும் ஒரே பக்கமாக விழுந்து விட்டால் கேட்கவே வேண்டாம்.

அளவு மாறாது

இவ்வளவு சொன்னதால் படமே பயனற்றது என்று எண்ண வேண்டாம். பாயை நாலடி தள்ளி விரித்தாலும் பாயின் நீள அகலம் மாறுவதில்லை. அதுபோல, படம் மொத்தமாக நகர்ந்திருந்தாலும் சமவெளியில் வயலின் பரப்பும் நீளமும் பெரும்பாலும் சரியாகவே வரும். இடத்துக்கு நம்பாவிட்டாலும் அளவுக்கு நம்பலாம். கோடு போடுவதில் மட்டும் கவனம் தேவை.

முதலில் படத்தை நேர் மேலிருந்து பார்ப்பதாக வைத்துக் கொள்ள வேண்டும். கூகுள் எர்த் புரோவில் படம் தானாகவே சாய்ந்து கொள்ளும் குணம் உண்டு. சாய்ந்த படத்தில் குறி வைத்தால் தவறும். விசைப் பலகையில் 'ஆர்' எழுத்தைத் தட்டினால் சாய்வு நீங்கி வடக்கு மேலே வந்து விடும். பிறகு அளவுகோல் பொத்தானை அழுத்தி, பல பக்க உருவம் என்பதைத் தேர்ந்தெடுத்து, வரப்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குறி வைத்துக் கொண்டே சுற்றி வர வேண்டும். நாலு மூலையில் மட்டும் குறி வைத்து விட்டு, வளைந்து போகும் வாய்க்கால் கரையை நேர்கோடாக்கி விடுபவர்கள் உண்டு. கணக்கு தவறுவது அங்கேதான்.

வரப்பின் நடுவில் குறி வைப்பதா, உள் விளிம்பிலா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக் கொள்ள வேண்டும். உரக் கணக்குக்கு உள் விளிம்பு. பட்டாவில் உள்ள பரப்போடு ஒப்பிட வரப்பின் நடு. இதில் ஒரு மீட்டர் வித்தியாசம் என்ன பெரிது என்று தோன்றும். சதுரமான ஓர் ஏக்கரில் சுற்றிலும் ஒரு மீட்டர் தவறினால் சுமார் 6 சென்ட் மாறும். 25 சென்ட் நிலத்தில் அதே தவறு 3 சென்ட்டை மாற்றி விடும். அதாவது எட்டில் ஒரு பங்கு! நிலம் சிறுத்தால் தவறின் பங்கு பெருகுகிறது. ஆகவே சிறு துண்டுகளைச் செல்போன் திரையில் அளப்பதை விட, பெரிய கம்ப்யூட்டர் திரையில் நன்றாகப் பெரிதாக்கி அளப்பது நலம். செல்போனில் விரல் நுனி மறைக்கும் இடமே சில மீட்டர் இருக்கும்.

மென்பொருளுக்கு மாவும் குழியும் தெரியாது. ஏக்கர், ஹெக்டேர், சதுர மீட்டர் என்றுதான் சொல்லும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் போட்டிருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். 40 ஏர் 47 சதுர மீட்டர் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

எந்த மாதப் படம்?

திரையின் அடியில் படம் எடுத்த தேதி போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் அளக்கக்கூடாது. நேற்று வெட்டிய வாய்க்கால் படத்தில் இல்லையே என்று சிலர் குழம்புவது இதனால்தான். திரையில் இருப்பது சில ஆண்டுகளுக்கு முந்திய படமாக இருக்கலாம்.

வரப்புகளைப் பார்க்கக் கோடைக் காலப் படமே சிறந்தது. பயிர் நிறைந்த மாதத்தில் வயலும் வரப்பும் ஒரே பச்சையாகத் தெரியும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசிப் படம் கிடைத்தால், காய்ந்த மண்ணுக்கு இடையே வரப்பு தனிக் கோடாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்து விடும். மேகத்தின் நிழல் விழுந்த இடம் கருத்து, தண்ணீர் தேங்கியது போல ஏமாற்றும்.

மர நிழலும் அப்படியே. இத்தகைய படங்களில் பெரும்பாலானவை முற்பகலில் எடுக்கப்படுபவை. வெயில் கிழக்கே இருக்க, நிழல் மேற்கே விழுகிறது. கிழக்கு வரப்பில் நிற்கும் தென்னைகளின் நிழல் வயலுக்குள் நீண்டு கிடக்கும்போது அதை வரப்பென்று எண்ணிக் குறி வைத்து விடுவது சகஜம். காமிரா சாய்ந்து எடுத்த படத்தில் தென்னையின் தலை ஒரு பக்கமும் அடிமரம் வேறு பக்கமுமாகக் கிடக்கும். குறி வைக்க வேண்டியது அடிமரத்தில்.

கிணற்றிலிருந்து அளக்கவும்

படத்தில் பார்த்த ஓர் இடத்தை நிலத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பழைய வரப்பு ஒன்று உழவில் அழிந்து விட்டது. பத்தாண்டுக்கு முந்திய படத்தில் அது தெரிகிறது. அந்த இடத்தின் எண்களைச் செல்போனில் ஏற்றிக் கொண்டு நீலப் புள்ளியைப் பின்தொடர்ந்து போனால் மேலே சொன்ன இரண்டு பிசகும் சேர்ந்து கொள்ளும்.

இதற்கு நல்ல வழி, கிணற்றிலிருந்து அளப்பதே. அதே படத்தில் கிணற்று விளிம்பிலிருந்து பழைய வரப்பு எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும். பம்பு செட்டு அறையின் மூலையிலிருந்தும் பார்க்க வேண்டும். பிறகு நிலத்தில் இறங்கி, டேப் பிடித்து இரண்டு இடத்திலிருந்தும் அளந்தால், இரண்டு அளவும் சந்திக்கும் இடம்தான் அது. படம் நகர்ந்திருந்தால் கிணறும் வரப்பும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. ஒரே தேதிப் படத்தில் இரண்டையும் அளக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இரண்டு ஆண்டுப் படங்களைக் கலந்தால் எல்லாம் வீண்.

குழாய் நீளம் பார்ப்பதும் இதே முறையில்தான். குழாய் வரப்போரம் திரும்பித் திரும்பிப் போவதானால் ஒவ்வொரு திருப்பத்திலும் குறி வைக்க வேண்டும். சரிவான நிலத்தில் படம் காட்டுவது தட்டையான தூரம் என்பதால் குழாய் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும் என்று சிலர் தயங்குவார்கள். 100 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் ஏற்றம் இருந்தாலும் 2 மீட்டர்தான் கூடுகிறது. இணைப்புக்கு விடும் குழாயில் இது அடங்கி விடும்.

பயிரின் பசுமை

பயிர் நன்றாக இருக்கிறதா என்பதையும் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுத்து வரும் படங்கள் யாவருக்கும் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுக்கின்றன. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. வாடிய இலையில் இந்த வித்தியாசம் குறைகிறது. அதைக் கணக்கிட்டு வயலுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள்.

இதில் சிறு விவசாயிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்தப் படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சரியாக ஓர் ஏர். ஓர் ஏக்கருக்கு 40 கட்டங்களே. ஓரத்துக் கட்டங்களில் பாதி நம் பயிர், பாதி பக்கத்து வயல் அல்லது வரப்புப் புல். ஓரத்தைத் தள்ளி விட்டால் 50 சென்ட் நிலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம் கட்டங்கள்தான். பெரும் பண்ணைகளுக்குச் சொல்லும் ஆலோசனையை இந்தக் கொஞ்சம் கட்டங்களை வைத்துக் கேட்டு உரம் போடுவது வீண் செலவாகும்.

என்றாலும் ஒரே வயலை வாரா வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பலன் உண்டு. சென்ற வாரம் முழுதும் பச்சையாக இருந்த வயலில் இந்த வாரம் ஒரு மூலை மட்டும் மங்கினால், அந்த மூலைக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். தழைச்சத்துக் குறைவா, பூச்சியா, வடிகால் அடைப்பா என்பது வானத்திலிருந்து தெரியாது. மூன்றும் படத்தில் ஒரே மஞ்சள்தான்.

எல்லைத் தகராறு வந்தால்

எல்லையைத் தீர்மானிப்பது சர்வே கல்லும் புலப்படமும்தான். எப்.எம்.பி. என்று சொல்லப்படும் புலப்படத்தில் ஒவ்வொரு எல்லைக் கோட்டின் நீளமும் எழுதப்பட்டிருக்கும். அதை அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பார்த்து எடுத்துக் கொள்ளலாம். முதலில் அந்த நீளங்களைப் படத்தில் அளந்த நீளங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புலப்படத்தில் 62 மீட்டர் என்றிருக்கும் பக்கம் நிலத்தில் 57 மீட்டர்தான் வருகிறது என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம். நீளங்கள் எல்லாம் ஒத்திருந்து, கோடு மட்டும் தள்ளித் தெரிந்தால் அது பெரும்பாலும் படத்தின் நகர்வே. அதற்காகப் பக்கத்து வயல்காரரிடம் வார்த்தை தடிக்க வேண்டியதில்லை.

சந்தேகம் தீராவிட்டால் நிலத்தை அளந்து காட்டும்படி கட்டணம் செலுத்தி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அரசு நில அளவர், பக்கத்து நிலக்காரர்களுக்குத் தகவல் கொடுத்து, கல்லிலிருந்து அளந்து எல்லையைக் காட்டுவார். அதற்கு முன் கல்லைத் தாமே பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

அளவு நாளுக்கு முன் படத்தை வைத்துச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மண் மூடிப் போன கல்லைத் தேடுவது. பழைய கோடைப் படங்களில் வரப்புகள் கூடும் மூலை எங்கே இருந்தது என்று பார்த்து, கிணற்றிலிருந்து டேப் பிடித்து அந்த இடத்துக்குப் போய், பக்கத்து வயல்காரரையும் கூட வைத்துக் கொண்டு, கடப்பாரையால் மெல்லக் குத்திப் பார்க்கலாம். கல் தட்டுப்பட்டால் அசைக்காமல், மேல் மண்ணை மட்டும் நீக்கிச் சுண்ணாம்பு தடவி வைத்தால் அளவர் வரும்போது வேலை சுலபமாகும்.