அகில உலக சுகாதாரம் என்னும் பாடம்

அகில உலக சுகாதாரத்தில் பட்டமேற்படிப்புப் படிக்கப் போவதாகச் சொன்னேன். ஜீவனஹள்ளியில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர், "அயல்நாட்டு வியாதிகளைப் பற்றிய படிப்பா, தம்பி?" என்று கேட்டார். அவர் காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அந்த மாத்திரையே அவர் கேள்விக்கு விடை.

ஒரு காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைக்கவேண்டும் என்பதே மருத்துவர் கொள்கை. ஏழை நாடுகள் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போகும்? 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் கண்டன. நோயாளிகளில் ஒரு சாராரை வீட்டிலும், மறு சாராரைச் சானடோரியத்திலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை என்ற முடிவு 1959-இல் வெளியாயிற்று. சென்னைக் குடிசைகளில் கண்ட உண்மையை உலகம் ஏற்றது. அதே ஆண்டில் நம் பெங்களூரிலும் தேசியக் காசநோய் நிலையம் தோன்றியது.

ஆனால், வீட்டுச் சிகிச்சைக்கு ஓர் ஆபத்து உண்டு. "உடம்பு தேறிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்றார் பெரியவர் சென்ற வாரம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கும் அடங்காது போகலாம். ஆகவே, நாள்தோறும் மாலையில் அவர் வீட்டுக்குப் போய் வருகிறேன். நண்பர்களே, நான் கற்க விரும்பும் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.