அரிசி மிச்சம், பருப்பு பற்றாக்குறை

கேள்வி: உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா என்கிறார்கள். எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் இடமில்லாமல் வெளியில் அடுக்கிக் கிடக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று படித்தேன். நம் நாட்டில் விளைவது நம் மக்களுக்குப் போதுமா, போதாதா?

– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வயிற்றை நிரப்பப் போதும். உடம்பை வளர்க்கப் போதாது.

ஒரு நாட்டின் உணவு இருப்பை அளக்க, விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, விதை, தீவனம், சேதாரம் எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுப்பார்கள். அந்தக் கணக்கில் நாம் தேறிவிடுகிறோம். 1950-51இல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், 2022-23இல் 32 கோடி டன்னைத் தாண்டியது. மக்கள்தொகை அதே காலத்தில் ஏறத்தாழ நான்கு மடங்குதான் ஆனது.

பருப்பின் கதை வேறு. 1961இல் தலைக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது. 2000இல் அது 32 கிராமாகச் சரிந்தது. பிறகு ஓரளவு மீண்டாலும், ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் 85 கிராமை இன்னும் எட்டவில்லை. காரணம் வெளிப்படை. நெல்லையும் கோதுமையையும் அரசு உறுதியான விலைக்கு வாங்கியது. பாசனமும் அவற்றுக்கே போனது. பஞ்சாபில் கொண்டைக்கடலை விளைந்த நிலம்கூடக் கோதுமைக்கும் நெல்லுக்கும் மாறியது. துவரை மானாவாரியிலேயே தங்கிவிட்டது. விவசாயியை இதில் குறை சொல்ல மாட்டேன். விற்கும் என்று தெரிந்த பயிரைத்தான் யாரும் போடுவார்கள். இன்று நம் சாம்பாருக்கான துவரம் பருப்பில் ஒரு பகுதி மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பலில் வருகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான்.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ 81 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. பசியைத் தடுத்த பெரிய காரியம் அது, மறுக்க முடியாது. ஆனால் 5 கிலோ என்பது ஒரு நாளைக்குச் சுமார் 165 கிராம். அவ்வளவு அரிசியில் புரதம் சுமார் 12 கிராம்தான். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் வேண்டும். இரும்புச்சத்து அவருக்கு 29 மில்லிகிராம் தேவை. தீட்டிய அரிசி 100 கிராமில் 1 மில்லிகிராம்கூட இல்லை. ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசி சற்று கூடுதலாகத் தருகிறது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தலைக்கு இவ்வளவு என்ற சராசரி, வீட்டுக்குள் யார் தட்டில் என்ன விழுகிறது என்று சொல்லாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாயும் பேறுகாலமும் பெண்ணின் தேவையைக் கூட்டுகின்றன, உண்மை. தேவை கூடியவருக்குத்தானே முதலில் பரிமாற வேண்டும்? பல வீடுகளில் குழம்பின் அடியில் மிஞ்சியதுதான் அவர் பங்கு. நீங்கள் படித்ததும் சரி: தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ரேஷனில் மலிவு விலைத் துவரம் பருப்பும் சத்துணவில் முட்டையும் தரும் மாநிலத்திலேயே இந்த நிலை.

விளைச்சலை இன்னும் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. நெல்லைப்போலத் துவரையையும் உளுந்தையும் கேழ்வரகையும் அரசு தவறாமல் கொள்முதல் செய்ய வேண்டும்; அவை ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் போக வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். அதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உங்கள் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம்.