பேண்டு வாத்தியக் குழுவும் ஒழுங்கும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

வீணையைத் தனியே மீட்டலாம். புல்லாங்குழலைத் தனியே ஊதலாம். ஆனால் பேண்டு வாத்தியத்தை ஒருவர் தனியே வாசித்துவிட முடியாது. சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல், பியூகிள், குழல் ஆகிய அனைத்தும் ஒரே தாளத்தில் ஒலித்தால்தான் அது இசை; இல்லையேல் வெறும் இரைச்சல். அத்துடன் கால்களும் சேர்ந்து நடக்க வேண்டும். ஆகவே, சுதந்திர தின விழாவிலும் விளையாட்டு விழாவிலும் நம் கண்களுக்கு விருந்தாகும் பேண்டு குழுவிற்கு ஒழுங்கே உயிர்நாடி எனலாம். அந்த ஒழுங்கை எவ்வாறு அமைப்பது, தவறியவர்களை எவ்வாறு திருத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விதிக்குக் காரணம் வேண்டும்

"இப்படிச் செய்" என்பது பாதி விதி. "இதனால் செய்" என்பதே முழு விதி. காரணம் தெரிந்தால் யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: "காதை நம்பாதே, தலைவியின் கோலைப் பார்" என்பது பேண்டு குழுவின் முதல் விதி. ஏன்? நம் இயற்பியல் பாடமே விடை சொல்கிறது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. குழுவின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 17 மீட்டர் இருந்தால், முன்வரிசை டிரம்மின் ஓசை பின்வரிசைக்கு வர 1/20 வினாடி ஆகும். அதைக் கேட்டுப் பின்வரிசை அடித்தால், அவ்வோசை முன்வரிசைக்குத் திரும்ப இன்னொரு 1/20 வினாடி. ஆக 1/10 வினாடி பிந்துகிறது. நிமிடத்திற்கு 120 அடி வைத்து நடக்கும்போது ஓர் அடிக்கு அரை வினாடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினால் தாளம் உடையாதா? ஒளிக்கோ இத்தூரம் ஒரு பொருட்டன்று. எனவேதான் கண் கோலின்மேல் இருக்க வேண்டும்.

"சொல்லாதபோது டிரம்மைத் தட்டாதே" என்பது மற்றொரு விதி. இது ஆசிரியையின் தலைவலிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்பது தொழிற்கூடங்களுக்கு வல்லுநர் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடமே! டிரம்மின் அருகில் ஓசை அந்த அளவைத் தொடக்கூடும். ஓய்வு நேரத்து மௌனம் நம் செவிக்கு நாமே செய்துகொள்ளும் உதவி அன்றோ?

எழுத வேண்டிய விதிகள்

விதிகள் பலவாக இருந்தால் நினைவில் நில்லா. ஐந்தே போதும்.

1. பயிற்சிக்கு 5 நிமிடம் முன்னதாக வந்து கருவியுடன் வரிசையில் நிற்றல்.
2. தலைவி கோலை உயர்த்தியதும் பேச்சை நிறுத்துதல்.
3. டிரம்மை வெயிலிலும் மழையிலும் வைக்காமல் உரிய இடத்தில் வைத்தல்.
4. பியூகிளின் வாய்ப்பகுதியைக் கழுவாமல் மற்றவரிடம் கொடாதிருத்தல்.
5. வர இயலாவிடில் முன்கூட்டியே தெரிவித்தல்.

இவற்றை ஓர் அட்டையில் எழுதி பேண்டு அறையில் மாட்ட வேண்டும். பெற்றோருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். உடல்நலம் குன்றிய நாளில் பலர் முன்னிலையில் காரணம் கேட்காமல் நிழலில் அமர அனுமதிப்பதையும் அதில் சேர்த்து எழுதுதல் நன்று.

வராதவளும் வர இயலாதவளும்

இரு மாணவியர் பத்து நிமிடம் தாமதமாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி வாயிற்படியில் நின்று கதை பேசிவிட்டு வருகிறாள். மற்றொருத்தியின் ஊருக்குக் காலையில் ஒரே பேருந்து. அன்று அது தாமதம். இருவருக்கும் ஒரே தண்டனை என்றால் பார்வைக்கு அது சமத்துவம், உண்மையில் அநீதி. எனவே முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் பேருந்து நேரத்தை அனுசரித்துப் பயிற்சி நேரத்தையே மாற்றலாம்.

வெள்ளைக் காலணியும் அவ்வாறே. அதை வாங்க இயலாத தோழி வரிசையிலிருந்து நீக்கப்பட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்! தந்தையின் பணப்பை மெலிந்திருப்பது மகளின் ஒழுங்கீனம் ஆகாது. சில ஜோடிக் காலணிகளைக் கருவிகளோடு பேண்டு அறையிலேயே வைத்திருப்பது இதற்கு எளிய வழி.

தண்டனை எப்படி இருத்தல் வேண்டும்?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும், எல்லோர் முன்னும் ஏளனம் செய்வதும் தண்டனை அல்ல, காயம். வெட்கத்தால் குனிந்த தலை கோலைப் பார்ப்பது எங்ஙனம்?

தண்டனை தவற்றைச் சரிசெய்ய வேண்டும். கருவியைப் பேணாதவள் ஒரு வாரம் கருவிகளைத் துடைக்கட்டும். தாளம் கற்காதவள் மாலையில் ஒரு தோழியிடம் கற்கட்டும். முதல் முறை தனியே அழைத்து அறிவுரை. இரண்டாம் முறை இத்தகைய வேலை. மூன்றாம் முறை பெற்றோருடன் உரையாடல். அதன்பின்னரே ஒரு விழாவிலிருந்து விலக்குதல். அதையும் ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். விழா நாள் காலையில், சீருடை அணிந்து நிற்பவளை, பார்க்க வந்த தாயின் கண்ணெதிரே விலக்குவது கொடுமை. தலைவியின் உயிர்த்தோழிக்கும் நேற்றுச் சேர்ந்தவளுக்கும் விதி ஒன்றே.

புனித தொன் போஸ்கோ இளைஞருக்கான தம் விடுதியில் இசைக்கும் இடம் அளித்தவர். 1877-இல் தடுப்பு முறைக் கல்வி பற்றி எழுதியபோது, ஓடி ஆட நிறைய சுதந்திரமும், இசையும், உடற்பயிற்சியும் ஒழுங்கை வளர்க்கும் சிறந்த வழிகள் என்று கருதினார். தவறு நேர்ந்தபின் அடிப்பதைவிட, நேராதபடி அன்புடன் உடனிருப்பதே அவர் காட்டிய பாதை.

முடிவுரை

தோழியரே! விதி நம்மைக் கட்டும் கயிறு அன்று. முப்பது பேரைச் சேர்த்து நடத்தும் தாளம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், கருவியைத் தொடுமுன் பேண்டு குழுவினர் அனைவரும் அமர்ந்து விதிகளை ஒருமுறை படிப்போம். புரியாததற்குக் காரணம் கேட்போம். பொருந்தாததைப் பணிவுடன் ஆசிரியையிடம் எடுத்துச் சொல்வோம். காரணம் அறிந்து கடைப்பிடிக்கும் ஒழுங்கு, ஆசிரியை அருகில் இல்லாத நாளிலும் நிலைத்து நிற்கும்.