பதினாலாயிரம் ரூபாய்ச் சம்பளம் எவ்வளவு?

மாதம் 14,000 ரூபாய் என்று பேசி ஒருவரை வேலைக்கு அமர்த்துவதாக வைத்துக்கொள்வோம். அவர் கையில் பெறுவது 14,000 அன்று. முதலாளிக்கு ஆகும் செலவும் 14,000 அன்று. கணிதம் பயிலும் நான் இக்கணக்கை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. இத்தனைக்கும் இது ஐந்தாம் வகுப்புச் சதவீதக் கணக்குத்தான்!

இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ. வந்துவிடும், இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதியும் சேரும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தே 14,000 எனில், தொழிலாளியிடம் வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் பிடிக்கப்படும். ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். கைக்கு வருவது 12,215. முதலாளி தம் பங்காக அதே 1,680 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 455 ரூபாயும் செலுத்தவேண்டும். ஆக, அவருக்கு ஆகும் செலவு 16,135. நிர்வாகக் கட்டணம் போன்ற சில்லறைகள் தனி. முதலாளி பங்கின் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத்திற்குப் போகிறது.

இவ்விரு தொகைகளும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்படவேண்டும். இங்கேதான் என் மனம் நிற்கிறது. என் தந்தை வேலை பார்த்த பட்டறையில் மாதந்தோறும் பிடித்தம் நடந்தது. செலுத்தப்பட்டதா என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பிடித்த பணம் முதலாளியின் பணம் அன்று. பிடித்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பதை நம்பிக்கை மோசடியாகவே குற்றவியல் சட்டம் கொள்கிறது. இன்று தொழிலாளி தம் வைப்பு நிதிக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஈ.எஸ்.ஐ.யை வீண் செலவு என்று குறைகூறும் சிறு முதலாளிகள் உண்டு. லேத்தில் ஒருவர் விரல் போய்விட்டால், அத்திட்டத்தில் சேர்ந்தவருக்கு மருத்துவமும் உதவித்தொகையும் அங்கிருந்தே கிடைக்கும். நட்ட ஈட்டுப் பொறுப்பு முதலாளியின் தலையில் விழாது. அந்த 455 ரூபாய் அவருக்கும் காப்புத்தான்.

சம்பளத்தைத் துண்டுபோட்டு, பெரும்பகுதிக்கு ‘படி’ என்று பெயர் சூட்டி வைப்பு நிதியைக் குறைப்பது பழைய வித்தை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அப்படி விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்துடனேயே சேர்க்கப்படும்.

தீபாவளிப் போனசும் இனாம் அன்று. இருபது பேர் உள்ள நிறுவனத்தில், சட்டம் குறிக்கும் சம்பள வரம்புக்குள் உள்ளவர்க்குக் குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அதுவே. ஆண்டுச் சம்பளத்தில் ஒரு மாதப் பங்கு.

சரி, ஒரே ஓர் ஆளை வைத்திருக்கும் கடைக்காரருக்குக் கடமை ஒன்றும் இல்லையா? உண்டு. குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும். மாதச் சம்பளத்தை மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு தரவேண்டும். ஆள் விலகினாலும், விலக்கப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். ‘அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்’ என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.